ஆபீஸ் கம்ப்யூட்டர் பள்ளிக்கூடம் போகும் முன்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்டெலின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 6ஆம், 7ஆம் தலைமுறை ஐ5 பெட்டிகள் அலுவலகங்களில் ஓரங்கட்டப்படுகின்றன. அரசுப் பள்ளிக்கோ ஊர் நூலகத்துக்கோ இவை தாராளமாகப் போதும். ஆனால் தரவைத் துடைத்து, திறந்து பார்த்து, தயார் செய்து அனுப்பினால்தான். இல்லையென்றால் உங்கள் குப்பை பள்ளியின் குப்பையாக மாறும், அவ்வளவுதான். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஒருமுறை ஏறிய பொருளைத் தலைமையாசிரியர் நினைத்தவுடன் தூக்கிப் போட முடியாது. கழிவு செய்ய முறைப்படி ஒப்புதல் வேண்டும். ஓடாத கம்ப்யூட்டர் ஒரு வகுப்பறையையே வருடக்கணக்கில் அடைத்துக்கொள்ளும்.

முதலில் கேளுங்கள், பிறகு கொடுங்கள். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசி, அறை, மின்சாரம், பூட்டு, பொறுப்பேற்கும் ஆசிரியர் ஆகிய நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியென்றால் 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகவும் போகலாம்.

கலவையாக 20 கொடுப்பதைவிட ஒரே மாடலில் 12 கொடுப்பது மேல். 10 ஓடும், 2 உதிரிக்கு. டெல், ஹெச்பி நிறுவனங்களின் சிறிய பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பகுதி) அளவும் இணைப்பும் அவர்களுக்கே உரியவை. பக்கத்து ஊர்க் கடையில் வாங்கி மாட்ட முடியாது. ஒன்று கெட்டால் இன்னொன்றிலிருந்து எடுப்பதுதான் வழி.

தரவை அழிப்பது அடுத்த வேலை. ஃபைல்களை டெலிட் செய்வதும், குயிக் ஃபார்மேட்டும் அழிப்பல்ல. சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு டிஸ்க்கை அழிப்பதற்கென்றே உள்ள ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, அதிலுள்ள என்வைப் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒருமுறை பூஜ்யத்தால் நிரப்பி, சரிபார்ப்பையும் ஓடவிட்டால் போதும். 500 ஜிபிக்கு நிரப்ப மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஏழு முறை எழுதுவது வெறும் நேர விரயம். எஸ்எஸ்டிக்கு இந்த முறை பத்தாது. நம் கண்ணுக்குத் தெரியாத உபரி இடத்தில் பழைய தரவு தங்கிவிடும். டிரைவுக்குள்ளேயே இருக்கும் செக்யூர் இரேஸ் கட்டளைதான் சரி. பல பிசினஸ் மாடல்களில் அது பயாஸ் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பு) மெனுவிலேயே இருக்கும். டிரைவ் ‘ஃப்ரோஸன்’ (பூட்டப்பட்ட நிலை) என்று கட்டளையை மறுத்தால், கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். சரிபார்ப்பில் தோற்ற டிஸ்க்கைத் துளையிட்டு உடைத்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அபராதத்தின் உச்சவரம்பை 250 கோடி ரூபாய் என்று வைத்திருப்பதை மேலாளருக்குச் சொன்னால், இந்த வேலைக்கு அவரே நேரம் ஒதுக்கித் தருவார்.

பழைய ஹார்டு டிஸ்க்கையே கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது. தரவுக் கவலையும் போகும், கம்ப்யூட்டரும் வேகம் பிடிக்கும். ரேம் 8 ஜிபி இருக்கட்டும். 4 ஜிபியில் பிரவுசர் திறந்தாலே திணறும்.

பலரும் மறப்பது பூட்டுகளை. பயாஸ் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். நிறுவனக் கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவைகளான இன்ட்யூன், ஆட்டோபைலட் பதிவிலிருந்து ஒவ்வொரு சீரியல் எண்ணையும் நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால், பள்ளியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்ததும் உங்கள் நிறுவனத்தின் லாகின் பக்கம் வந்து நிற்கும். நிறுவனம் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸில் போட்ட விண்டோஸும் ஆபீஸும் கம்ப்யூட்டரோடு போகாது.

அதனால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளம், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை, நோட்டோ தமிழ் எழுத்துரு, இவற்றைப் போட்டுக் கொடுங்கள். இணையம் விட்டு விட்டு வரும் ஊரென்றால், இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்துவிடலாம்.

மூடியைத் திறந்த கையோடு தூசியை ஊதி, கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டும் சிஆர் 2032 பட்டன் செல்லைப் புதிதாக மாற்றுங்கள். மலிவான பொருள்தான். அது தீர்ந்திருந்தால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும்; இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். பள்ளியில் இதை ‘நெட் வரல’ என்றுதான் சொல்வார்கள். லேப்டாப்பில் டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதைக் கொடுக்கவே கூடாது.

கேபிள்களை எண்ணிக் கட்டுங்கள். திரை இணைப்பு பெட்டியில் டிஸ்பிளேபோர்ட், மானிட்டரில் விஜிஏ என்று வேறுவேறாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். மானிட்டரோடு சேர்த்து ஒன்றுக்கு 100 வாட் என வைத்தாலும் பத்துக்கு 1 கிலோவாட். ஒரே 5 ஆம்பியர் பிளக்கில் பத்தையும் மாட்டினால் எல்லையைத் தொட்டுவிடும். இரண்டு மூன்று லைனாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத அறையில் இரும்புப் பெட்டியைத் தொடும் பிள்ளைக்குச் சுருக்கென்று அடிக்கும். இதை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே வேனை அனுப்புங்கள்.

மாடல், சீரியல் எண், ரேம், டிஸ்க் விவரத்தோடு நன்கொடைக் கடிதம் இரண்டு பிரதி போடுங்கள். ஒன்றில் பள்ளியின் முத்திரை வாங்கி உங்கள் சொத்துப் பதிவேட்டில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரியில் நன்கொடைக் கழிவு பணமாகக் கொடுத்ததற்குத்தான், பொருளுக்குக் கிடையாது. சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) செலவாகவும் இதற்கு விலை போட்டுக் காட்ட முடியாது. உள்ளீட்டு வரிக் கடன் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுத்த கம்ப்யூட்டரை இலவசமாகக் கொடுத்தாலும் ஜிஎஸ்டியின் கணக்கில் அது வரும் என்பதால் ஆடிட்டரிடம் முன்னமே காட்டிவிடுங்கள்.

தேறாதவற்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள்.