மூக்கு அலர்ஜிக்கு ஆளி விதை எண்ணெயா? வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கில் தண்ணீர், கண்ணில் அரிப்பு, ராத்திரி ஒரு பக்கம் மூக்கடைத்து வாயால் மூச்சு விடுவது. இதோடு வருடக்கணக்காகக் கிடப்பவரிடம் யாராவது "ஆளி விதை எண்ணெய் குடிங்க, சரியாப் போயிடும்" என்று சொன்னால் உடனே வாங்கத்தான் தோன்றும். இந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சியும் இருக்கிறது, அதுவும் நல்ல ஆராய்ச்சி. ஆனால் அது சொல்வது ஒன்று, அதை வைத்து நாம் செய்வது வேறொன்று. தவறுகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

முதலில் அந்த ஆராய்ச்சி என்ன என்று பார்த்துவிடலாம். ஜப்பானின் ஒசாகாவில் ஜுன் குனிசாவா என்ற நோய் எதிர்ப்பியல் ஆய்வாளரின் குழு, உணவில் இருக்கும் எண்ணெய்க்கும் அலர்ஜிக்கும் உள்ள தொடர்பைப் பல வருடங்களாகத் தோண்டிக்கொண்டிருக்கிறது. 2019இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மூக்கு அலர்ஜி உண்டாக்கப்பட்ட எலிகளில் ஒரு கூட்டத்துக்கு சோயா எண்ணெய் கலந்த தீனி, இன்னொரு கூட்டத்துக்கு ஆளி எண்ணெய் கலந்த தீனி. ஆளி எண்ணெய் தின்ற எலிகளுக்குத் தொல்லை குறைந்தது. ஏன் குறைந்தது என்பதுதான் இதில் அழகான பகுதி. ஆளி எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பு. உடல் அதில் கொஞ்சத்தை இ.பி.ஏ. என்ற இன்னும் நீளமான கொழுப்பு அமிலமாக மாற்றுகிறது. அந்த இ.பி.ஏ.வை எலியின் மூக்கில் இருக்கும் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் எடுத்து 15-ஹெச்.இ.பி.இ. என்ற ஒரு பொருளைத் தயாரிக்கின்றன. ஹிஸ்டமினைக் கொட்டித் தும்ம வைக்கும் மாஸ்ட் செல்களை அந்தப் பொருள் அடக்குகிறது. ரத்தப் பரிசோதனையில் 'இயோசினோஃபில் கூடியிருக்கு' என்று டாக்டர் சொல்லும்போது நாம் பயப்படுவோமே, அதே அணுதான் இங்கே நல்ல வேலையும் செய்கிறது.

இதைப் படித்துவிட்டு 'அப்போ ஆளி எண்ணெய்தான் மருந்து' என்று முடிவு கட்டுவது முதல் தவறு. அலர்ஜியை அடக்கியது பாட்டிலில் இருக்கும் எண்ணெய் அப்படியே இல்லை, உடம்பு அதிலிருந்து செய்த ஒரு பொருள். மனிதர்களுக்கு இந்த மாற்றம் ரொம்ப மந்தம். நாம் சாப்பிடும் ஆல்பா லினோலெனிக் அமிலத்தில் மிகச் சிறிய பங்குதான் இ.பி.ஏ.வாக மாறுகிறது, பெண்களுக்குக் கொஞ்சம் கூட, ஆண்களுக்கு இன்னும் குறைவு. அது போக, இந்த மாற்றத்தைச் செய்யும் அதே நொதிக்காக சூரியகாந்தி எண்ணெயில் ஏராளமாக இருக்கும் லினோலெயிக் அமிலமும் போட்டி போடுகிறது. மூன்று வேளையும் சூரியகாந்தி எண்ணெயில் பொரித்தும் தாளித்தும் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ஒரு ஸ்பூன் ஆளி எண்ணெய் குடித்தால் அந்த எலிகளுக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இதிலிருந்து ஒருநாள் மருந்து வரலாம் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன், அநேகமாக அது அந்தக் கடைசிப் பொருளை ஒட்டி வரும். இன்றைக்குக் கையில் இருப்பது எலி ஆய்வு தந்த நம்பிக்கை மட்டும்தான்.

அடுத்தது, 'தாவரக் கொழுப்பு அமிலம்' என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது. ஈவினிங் பிரிம்ரோஸ் ஆயில், போரேஜ் ஆயில் என்று கேப்ஸ்யூலாக விற்பதில் இருப்பது காமா லினோலெனிக் அமிலம். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் அது ஒமேகா-6, போகும் பாதையே வேறு. அலர்ஜி வகையைச் சேர்ந்த தோல் அரிப்பு நோயான எக்ஸிமாவுக்கு ஒரு காலத்தில் பிரிட்டனில் இதை டாக்டர்களே எழுதிக் கொடுத்தார்கள். பலன் தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2002இல் அந்த மருந்துக்கான உரிமத்தை அங்கே திரும்பப் பெற்றார்கள். 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, எக்ஸிமாவுக்கு இந்த இரண்டு எண்ணெயும் வெற்று மாத்திரையைவிட மேல் இல்லை என்றது. ஆய்வுக்கூடத்தில் நன்றாகத் தெரிந்த ஒன்று மனிதர்களிடம் இப்படி விழுந்துபோவது நடக்கிற விஷயம்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது இருப்பதிலேயே ஆபத்தான தவறு: எண்ணெயை மூக்கில் விடுவது. 'மூக்கில்தானே பிரச்சினை, நேராக அங்கேயே விட்டால் வேகமாக வேலை செய்யுமே' என்ற எண்ணம் நம் ஊரில் சுலபமாக வரும், ஏனென்றால் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெய் தண்ணீர் மாதிரி இருமலைக் கிளப்பாது, சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நுரையீரலால் அதைக் கரைக்கவும் முடியாது, அப்படியே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இதைப் பார்த்து 1973லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். ஆளி எண்ணெயோ நல்லெண்ணெயோ, பச்சைக் குழந்தைக்கு மூக்கில் ஒரு சொட்டுகூட வேண்டாம், பெரியவர்களும் சொந்தமாகச் செய்ய வேண்டாம்.

சரி, உணவாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பெயின்ட் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் 'லின்சீட் ஆயில்' என்று மலிவாகக் கிடைப்பதும் இதே விதையின் எண்ணெய்தான், ஆனால் சீக்கிரம் காய்வதற்காக அதில் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைக் கலந்திருப்பார்கள், அதை வாயில் வைக்கவே கூடாது. சாப்பிடும் எண்ணெயாக இருந்தாலும் தாளிக்க, பொரிக்க உதவாது, சூடு பட்டால் கெட்டுவிடும். சின்ன பாட்டிலாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மீன் வாடையோ பெயின்ட் வாடையோ அடித்தால், நாக்கில் கசப்பு நின்றால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். விதையாகச் சாப்பிடுகிறவர்கள் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் முழுசாகவே வெளியே போய்விடும். லேசாக வறுத்து மிக்ஸியில் பொடித்து, நிறையத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். இன்னொன்று, ஆளி விதைக்கே அலர்ஜி உள்ளவர்களும் இருக்கிறார்கள், அரிதுதான், ஆனால் வந்தால் கடுமையாக வரும். அதனால் முதல் தடவை ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள்.

எண்ணெய் ஆரம்பித்த கையோடு ஸ்ப்ரேயை நிறுத்திவிடுகிறார்கள், அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். டாக்டர் எழுதும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேதான் மூக்கு அலர்ஜிக்கு இன்று நன்றாக நிரூபிக்கப்பட்ட மருந்து. 'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அதில் ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு. வேலை செய்யவில்லை என்பவர்களில் நிறையப் பேர் அடிக்கும் விதம் தவறு. தலையை அண்ணாந்து அடிக்காதீர்கள், லேசாகக் குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கையால், வலது மூக்குக்கு இடது கையால் பிடித்தால் முனை தானாகவே காதுப் பக்கம் சாயும், நடுத்தண்டில் பட்டு ரத்தம் வருவது குறையும். வேகமாக உறிஞ்ச வேண்டாம், உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். அப்புறம், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், இரண்டு நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும், அடித்த உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு வகை. அதைத் தொடர்ந்து சில நாட்களுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே, ஆளி விதை இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன் என்றால் ஸ்ப்ரேயை அப்படியே வைத்துக்கொண்டு ஆளிப் பொடியைச் சாப்பாட்டில் சேருங்கள், மருந்தைக் குறைப்பதா என்பதை உங்கள் டாக்டரோடு பேசுங்கள். மூக்கு அலர்ஜியோடு வீசிங்கும் இருப்பவர்கள் எந்த மருந்தையும் தாங்களாக நிறுத்தக் கூடாது. எப்போதும் ஒரே பக்கம்தான் அடைக்கிறது, ஒரே பக்கம் ரத்தமோ நாற்றமோ வருகிறது என்றால் அது அலர்ஜியாக இல்லாமலும் இருக்கலாம், அதற்கு எண்ணெய் தேடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.