ஒலிவினை நுண்ணோக்கியில் இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசால்ட் என்னும் எரிமலைப் பாறையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து, ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் முனைவாக்கிகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைத்தவுடன், நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் பளிச்சிடும் கனிம மணிகளையெல்லாம் மக்னீசியமும் இரும்பும் கொண்ட சிலிக்கேட் கனிமமான ஒலிவின் என்று எழுதிவிடுவதே மாணவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு. பசால்ட்டில் உள்ள மற்றொரு கனிமமான ஆகைட்டும் இத்தகைய பளிச்சிடும் வண்ணங்களை (இரண்டாம் வரிசை வண்ணங்கள்) காட்டும். ஒளி இரண்டாகப் பிரியாமல் செல்லும் திசையான ஒளியச்சுக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக வெட்டுப்பட்ட ஒலிவினோ வெறும் சாம்பல் நிறத்தில் நிற்கும். எனவே ஒரு மணியை நம்பாமல், பல மணிகளைப் பார்த்து அவற்றுள் மிக உயர்ந்த வண்ணத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். சீவலின் தடிப்பு 0.03 மி.மீ. தானா என்பதையும் முதலில் சரிபார்க்க வேண்டும். சரியான தடிப்பில் சாம்பலாகத் தெரிய வேண்டிய பிளஜியோகிளேஸ் என்னும் ஃபெல்ஸ்பார் கனிமம் ஆரஞ்சு நிறம் காட்டினால் சீவல் தடிப்பாக உள்ளது, அதில் எந்த வண்ணத்தையும் நம்ப இயலாது.

ஒரே முனைவாக்கியில் பார்ப்பதைப் பலர் வீண்வேலையாக நினைக்கிறார்கள். உண்மையில் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ஒலிவின் நிறமற்று, சுற்றியுள்ள பிளஜியோகிளேஸைவிடத் துருத்திக்கொண்டு தெரியும். சீரான பிளவுத்தளங்கள் இன்றி, வளைந்து நெளிந்த வெடிப்புகளே அதில் ஓடும். ஆகைட்டின் குறுக்குவெட்டில் ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்கும் இரு பிளவுகள் தெரியும். முனைவாக்கிகளை மீண்டும் குறுக்காக்கி மேடையைச் சுழற்றினால், நெடுக்குவெட்டில் அது பெரும்பாலும் பிளவுக்குச் சாய்வாக இருளும். ஒலிவின் படிக விளிம்புக்கு இணையாக இருளும் என்றாலும், எரிமலைக்குழம்பில் கரைந்து உருண்டுபோன மணியில் அளப்பதற்கு நேர்விளிம்பே இருக்காது என்பதை மறக்கக் கூடாது.

1959இல் ஹவாயின் கிலாவேயா இக்கி எரிமலை வாயில் வெளிவந்த குழம்பின் ஒலிவின் புத்தம்புதியது. அதை மட்டும் பார்த்துப் பழகியவர் தக்காண பசால்ட்டில் தடுமாறுவார். அங்கே பல மணிகளின் விளிம்பையும் வெடிப்புகளையும் ஒலிவின் சிதைவதால் உண்டாகும் செம்பழுப்பு இடிங்சைட் தின்றிருக்கும். சிலவற்றில் ஒலிவின் எதுவும் எஞ்சாமல் வடிவம் மட்டுமே மிஞ்சும். களிமண் கனிமங்களும் இரும்பு ஆக்சைடுகளும் கலந்த அந்த இடிங்சைட்டை பயோடைட் என்னும் கரிய மைக்கா என்று பதிவு செய்வது வழக்கமான பிழை. மணியின் அறுகோணப் புறவடிவத்தையும் பழைய வெடிப்புகளின் போக்கையும் கவனித்தால் மூலக் கனிமம் புலப்படும்.

குவார்ட்ஸ் இருப்பதால் ஒலிவின் இருக்க முடியாது என்ற வாதத்திலும் நிதானம் வேண்டும். மக்னீசியம் மிகுந்த ஒலிவினுக்கு அது பொருந்தும். ஆனால் குமிழ்ப்பொந்துகளில் பின்னாளில் படிந்த குவார்ட்ஸ் அக்கணக்கில் சேராது. இரும்பு மிகுந்த ஒலிவினான ஃபயலைட்டோ, ரையோலைட் என்னும் சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறையில் குவார்ட்ஸுடனேயே காணப்படும்.