குரோக்கஸ் வளர்ப்பும் காட்டில் காண்பதும்

குங்குமப்பூச் செடியின் நெருங்கிய உறவான வசந்தகாலக் குரோக்கஸை ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில் வளர்க்க விரும்புவோர், செப்டம்பர் அல்லது அக்டோபரில் அதன் கிழங்குகளை, கூர்முனை மேல்நோக்கியிருக்குமாறு, எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். வெயில் படும், நீர் தேங்காத இடமே ஏற்றது. களிமண்ணாயின் சரளைக் கற்களைக் கலப்பது அவசியம், ஏனெனில் ஈரத்தில் கிழங்கு அழுகிவிடும். எலியும் அணிலும் தோண்டித் தின்னாதிருக்க, மண்ணுக்குள் கம்பிவலை பரப்பலாம்.

புல்வெளியில் நட்டவர்கள் பூ உதிர்ந்தவுடன் புல்லை வெட்டிவிடுவது பெருந்தவறு. நடுவே வெள்ளைக் கோடு ஓடும் அந்த மெல்லிய இலைகள் மஞ்சளித்து வாடும்வரை உணவைச் சேமித்தால்தான் அடுத்த ஆண்டுக்கான கிழங்கு திரளும்.

காட்டில் காண விரும்பினால், போலந்தின் தாத்ரா மலையிலுள்ள கொகோவோவ்ஸ்கா பள்ளத்தாக்கைப் பரிந்துரைப்பேன். பனி உருகும் மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் அங்குள்ள மேய்ச்சல் நிலம் ஊதா நிறமாகிவிடும். வெப்பம் குறைந்தால் இதழ்கள் மூடிக்கொள்வதால், வெயிலுள்ள நண்பகலில் செல்வதே நன்று. பாதையை விட்டு விலகாமல், குனிந்து ஒரு பூவுக்குள் பாருங்கள்: மூன்று மகரந்தத்தாள்களும் ஆரஞ்சு நிறச் சூல்முடியும் தெரியும், சூலகமோ மண்ணுக்கடியில் இருக்கும். இலையுதிர்காலத்தில் இதேபோல் பூக்கும் கொல்கிக்கம் கடும் நச்சுடையது. அதற்கு மகரந்தத்தாள்கள் ஆறு.