உணரியோடு கம்பியையும் கவனியுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோடு மின்னணுச் சந்தையில் பி.டி.100 (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டினம்) வெப்ப உணரி வாங்கும் நம்மவர்கள், விலை சற்றுக் கூடினாலும் நான்கு கம்பி வகையையே கேட்டு வாங்குவது நல்லது. 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம் இருக்கும் இதன் மின்தடை, டிகிரிக்கு ஏறத்தாழ 0.385 ஓம் மட்டுமே உயர்வதால், இரண்டு கம்பி இணைப்பில் கம்பியின் 1 ஓம் கூட அளவீட்டை இரண்டரை டிகிரிக்கு மேல் பிறழச் செய்துவிடும். நான்கு கம்பி முறையில் ஒரு சோடி மின்னோட்டத்தைக் கொண்டு செல்ல, மறு சோடி மின்னழுத்தத்தை மட்டும் அளப்பதால் இப்பிழை நீங்குகிறது. இதில் சிக்கனம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மின்தேக்குத்திறன் மாறுவதைக் கொண்டு அளக்கும் மின்தேக்க உணரியிலும் கம்பி முக்கியம்; அதில் அந்த மாற்றம் மிகச் சிறியது. 50 ஓம் கோஆக்சியல் கேபிளோ (உள்கம்பியைச் சுற்றி உலோக உறை கொண்டது) ஒரு மீட்டர் நீளத்திற்கே சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறனைச் சேர்ப்பதால், அளவீட்டுச் சிப்பை உணரியின் அருகிலேயே பொருத்துங்கள். அருகிலுள்ள உலோகத்தை உணரும் மின்தூண்டல் உணரியின் சுருளுக்குப் பக்கத்தில், அளக்க வேண்டிய உலோகத்தைத் தவிர வேறு உலோகம் இருக்கலாகாது.