வெளிநாட்டில் ஓர் ஆங்கில ஸ்டாண்ட்-அப் கொமெடி இரவு: திருமலையிலிருந்து செல்வோருக்கு

திருகோணமலையிலிருந்து லண்டனுக்கோ ரொறொன்ரோவுக்கோ உறவினரைப் பார்க்கச் செல்பவர்களின் நாட்கள் பெரும்பாலும் கோயில், கலியாண வீடு, கடைத்தெரு என்று கழிந்துவிடுகின்றன. அந்த நாட்டு மக்கள் எதற்கு வெட்கப்படுகிறார்கள், எதைக் கண்டு எரிச்சலடைகிறார்கள், தங்களுக்குள் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரே இரவில் அறிய வேண்டுமானால், ஒருவர் மேடையில் தனியே நின்று பேசியே சபையைச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் கொமெடி நிகழ்ச்சி ஒன்றுக்குச் செல்லுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். "எங்கட இங்கிலீசுக்கு அதெல்லாம் விளங்காது" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். ஆனால் நம்மைக் கடந்து போகும் பகிடிகளில் பெரும்பாலானவை ஊர் தெரியாததால் கடந்து போகின்றனவே தவிர, இலக்கணம் தெரியாததால் அல்ல. ஊரை ஓரளவு தெரிந்துகொண்டு போனால் நடுத்தர ஆங்கிலமே போதும்.

இலங்கை வானொலியில் மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் ஆகியோர் ஆளுக்கொரு பேச்சுவழக்கில் நடித்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம்களின் தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் சிங்களவர் பேசும் தமிழையும் காதால் அறிந்தவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். தமிழில் பெரும் பண்டிதரான ஒரு வெளியூர்க்காரர் அருகில் இருந்திருந்தால் அவருக்குப் பாதி விளங்கியிராது. இந்த மூன்று பேச்சையும் ஒரே சந்தையில் கேட்டு வளர்ந்தவர்கள் திருமலைக்காரர்கள். ஒருவர் வாயைத் திறந்ததும் அவர் எந்த ஊர், எந்த வீடு என்று ஊகிக்கப் பழகிய அந்தக் காதைத்தான் அங்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

முதல் தடவை செல்பவர்கள், பெரிய அரங்கில் ஒரே கலைஞர் ஒன்றரை மணி நேரம் பேசும் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவருடைய உச்சரிப்பு பிடிபடாமல் போனால் இரவு முழுவதும் வீணாகும். சிறிய கிளப் ஒன்றில் மூன்று, நான்கு பேர் அடுத்தடுத்துப் பேசும் நிகழ்ச்சியே ஏற்றது. ஒருவர் ஏறத்தாழ இருபது நிமிடம் பேசுவார், அவர் விளங்காவிட்டால் அடுத்தவர் விளங்குவார். இவர்களை இணைப்பவர் எம்.சி. எனப்படும் தொகுப்பாளர். நமது கூத்தில் கட்டியகாரன் களரிக்கு வந்து அரசனின் வரவைச் சொல்லிச் சபையைத் தயார்ப்படுத்துவது போல, இவரும் முதலில் வந்து சபையோடு பேசி, சிரிப்பைச் சற்று இளக்கிவிட்டு, ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்பார். மிகச் சிறந்த கலைஞரைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள்.

லண்டனில் 1979இல் தொடங்கப்பட்ட 'கொமெடி ஸ்டோர்' இப்போது லெஸ்டர் சதுக்கத்துக்கு அருகே ஒக்ஸென்டன் வீதியில் இயங்குகிறது. ரொறொன்ரோவில் 1976இல் பிறந்த 'யக் யக்ஸ்' கனடாவின் பல நகரங்களுக்குப் பரவியது. நியூயோர்க்கின் கிரெனிச் விலேஜில் 1982 முதல் ஒரு நிலக்கீழ் அறையில் இயங்கும் 'கொமெடி செலர்' உலகெங்கும் பெயர் பெற்றது. ஓகஸ்ட் மாதத்தில் ஸ்கொட்லாந்துக்குச் செல்ல வாய்ப்பிருந்தால், 1947இல் தொடங்கிய எடின்பரோ ஃபிரின்ஜ் விழாவில் மதுச்சாலைகளின் மாடிகளிலும் பின்னறைகளிலும் பகல் முதலே நிகழ்ச்சிகள் நடக்கும். அவற்றிற் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முடிவில் கலைஞரே வாசலில் ஒரு வாளியோடு நிற்பார், விரும்பியதை இடலாம். இலவசம்தானே என்று கையை வீசிக்கொண்டு வெளியேறுவது அழகல்ல. அந்த வாளியில் விழும் பணமே அவருக்கான கூலி.

நுழைவுச்சீட்டு வாங்கும்போது விளம்பரத்தின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். 'ஓபன் மைக்' என்றிருந்தால் புதியவர்கள் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாக முயன்று பார்க்கும் இரவு அது. 'நியூ மெட்டீரியல்' என்றிருந்தால் தேர்ந்த கலைஞர்களே இன்னும் பதப்படாத பகிடிகளைத் தாளைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பார்கள். அங்கே உள்ளூர்க்காரரும் பல இடங்களில் சிரிக்க மாட்டார்கள். இவை இரண்டும் மலிவானவை என்றாலும் முதல் அனுபவத்துக்கு உகந்தவை அல்ல. வெள்ளி, சனி இரவுகளில் கலியாணத்துக்கு முன்னரான கொண்டாட்டக் கூட்டங்கள் குடித்துவிட்டு வந்து இரைச்சலிடுவதுண்டு என்பதால், புதன் அல்லது வியாழக்கிழமையையே நான் விரும்புகிறேன்.

வயதெல்லை பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பல கிளப்புகளில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அடையாளத்துக்குக் கடவுச்சீட்டைக் கேட்கலாம். உடலுறவு, மதம், உடற்கழிவு என்று எதையும் மறைக்காமல் பேசுவார்கள், தூஷணமும் தாராளமாக வரும். மாமியாரையோ பெரியப்பாவையோ அருகில் இருத்திக்கொண்டு அதைக் கேட்பது இருவருக்கும் சங்கடம். வயதால் ஒத்தவர்களோடு செல்லுங்கள். மது அருந்தாதவர்கள் அதை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பல கிளப்புகளில் ஆளுக்கு இரண்டு பானமாவது வாங்க வேண்டும் என்ற விதி இருந்தாலும், சோடாவோ கோப்பியோ அந்தக் கணக்கில் சேரும். அங்கே விலைக்கு மேல் வரியும், பரிமாறுபவருக்கான டிப்ஸும் உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

ஆயத்தத்துக்கு இரண்டு மூன்று நாட்கள் போதும். அன்றிரவு பேசவிருப்பவர்களின் பெயர்கள் விளம்பரத்தில் இருக்கும். ஒவ்வொருவரையும் யூடியூபில் ஐந்து நிமிடம் கேளுங்கள். பகிடியை முன்கூட்டியே அறிவதற்காக அல்ல, குரலுக்குக் காதைப் பழக்குவதற்காகவே இதைச் சொல்கிறேன். பாடசாலையில் கேட்ட ஆங்கிலத்துக்கும் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தவரின் ஆங்கிலத்துக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. ஐந்து நிமிடம் கேட்பதே அதில் பாதியைக் குறைத்துவிடும். பிறகு, தங்கியிருக்கும் வீட்டாரிடம் ஊர் விடயங்களை விசாரியுங்கள். எந்தப் பகுதி பணக்காரருடையது, எந்தக் கடைக்கு யார் போவார்கள், எந்த அரசியல்வாதி இந்த வாரம் அடிபடுகிறார் என்பவை எல்லாம் மேடையில் விளக்கம் இன்றி வந்து விழும்.

நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். முதல் தடவை சென்றபோது ஒரு பெண் கலைஞர் தன் புதிய காதலனின் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்ததாகச் சொல்லி, சற்று நிறுத்தி, "வெயிட்ரோஸ்" என்ற ஒரே சொல்லைச் சொன்னார். மண்டபம் அதிர்ந்தது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருந்தது, ஆனாலும் எதுவும் விளங்கவில்லை. இடைவேளையில் அக்காவின் மகள், அது வசதியானவர்கள் போகும் சுப்பர் மார்க்கெட் என்றும், அந்த ஒரு பெயரிலேயே காதலனின் குலம் கோத்திரம் எல்லாம் வெளியே வந்துவிட்டது என்றும் விளக்கினாள். அதற்குப் பிறகு கடைப் பெயர்களைக் கவனிக்கத் தொடங்கினேன். அடுத்த தடவை பாதிச் சிரிப்பாவது எனக்கும் கிடைத்தது.

இனி இருக்கை. பல கிளப்புகளில் இருக்கைக்கு இலக்கம் இல்லை. கதவு திறக்கும் நேரத்துக்கே செல்பவர் விரும்பிய இடத்தில் அமரலாம். மருமகள் என்னிடம் சொன்னது இது: "மாமா, முன்னுக்கு இருக்க வேண்டாம், பிறகு அவர் உங்களைப் பிடிச்சுக் கதை கேட்பார்." அவள் சொன்னது சரி. முதல் வரிசையிலும் நடுவழிக்கு ஓரத்திலும் இருப்பவர்களைத்தான் தொகுப்பாளர் பேச்சுக்கு இழுப்பார். ஒதுங்கி இருக்க விரும்புவோர் நான்காம் வரிசையின் நடுவில் அமரலாம். அதற்காக மிகப் பின்னால் போகவும் வேண்டாம். கலைஞரின் உதடும் புருவமும் தெரிந்தால், காதுக்குத் தப்பியதைக் கண் பிடித்துக்கொள்ளும்.

நாங்கள் பிந்திச் சென்றதால் இரண்டாம் வரிசையே கிடைத்தது. முழங்கால் முன்கதிரையில் இடிக்கும் அளவுக்கு நெருக்கம், ஒரு சின்ன வட்ட மேசையில் நான்கு பேரின் கிளாஸ்கள். தொகுப்பாளர் என்னைப் பார்த்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இத்தகைய கேள்விக்கு வேடிக்கையாகப் பதில் சொல்ல முயலக் கூடாது. வேடிக்கை அவருடைய தொழில், உண்மையைச் சுருக்கமாகச் சொல்வது நம்முடையது. கொழும்புக்குப் பக்கம் என்று மழுப்பாமல், ட்ரிங்கோமலி, ஸ்ரீலங்கா என்று சொன்னேன். அவர் அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்து மூன்று தடவையும் தடுக்கி விழுந்தார். சிரிப்பு முழுவதும் அவருடைய நாக்கைப் பற்றியதாக இருந்தது, என்னைப் பற்றியதாக இருக்கவில்லை. எங்கள் ஊரிலேயே ட்ரிங்கோ என்று சுருக்கிச் சொல்வதுண்டு என்று நான் சொன்னதும் அவர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார்.

அந்த ஒற்றைப் பதிலுக்கு இரண்டு பலன்கள் கிடைத்தன. இடைவேளையில் வட இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூல் நகரத்தவர் ஒருவர் தேடி வந்து, தன் ஊர்த் துறையில் அதே பெயருடைய கப்பல் நிற்கிறது என்றார். 1817இல் பம்பாயில் கட்டி நீரில் இறக்கப்பட்ட எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி என்ற பழைய போர்க்கப்பல் அங்கே இன்றும் மிதந்தபடி காட்சிக்கு இருக்கிறது. உட்துறைமுக வீதியில் பிறந்து வளர்ந்த எனக்கு அதை ஓர் அந்நியர் சொல்லக் கேட்டது மெய்சிலிர்ப்பாக இருந்தது. மற்றையது, கடைசிக் கலைஞர் முற்றிலும் வேறொரு கதையை, தொலைந்துபோன தன் பயணப்பெட்டியைப் பற்றி, சொல்லிக்கொண்டு போய், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்ற இடத்தில் நிறுத்தி, என் பக்கம் திரும்பி "ட்ரிங்கோ" என்றார். முன்பு வந்த ஒரு சொல்லை எதிர்பாராத இடத்தில் மீண்டும் கொண்டுவருவதை அவர்கள் 'கோல்பேக்' என்பார்கள். அன்றைய இரவில் அதுவே மிகப் பெரிய சிரிப்பு.

ஆனால் எல்லாக் கேள்விகளும் இவ்வளவு இலேசாக இருக்கும் என்பதில்லை. இலங்கை என்றதும் போரைப் பற்றியோ அகதிகளைப் பற்றியோ ஒருவர் ஏதாவது சொல்லக்கூடும். நம்மில் எத்தனையோ வீடுகளில் சுவரில் மாலையிட்ட படம் தொங்குகிறது. அதை அறியாத ஒருவரின் சொல் குத்தவே செய்யும். பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. விடுமுறைக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், அனுபவமுள்ள தொகுப்பாளர் உடனே வேறு ஆளிடம் போய்விடுவார். மனம் ஒப்பாவிட்டால் இடைவேளையில் எழுந்து செல்லலாம், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. நம்மைப் போன்ற குடும்பத்திலிருந்து வந்தவர்களும் இந்த மேடைகளில் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1978இல் இங்கிலாந்தின் குரோலி நகரில் பிறந்து, கணித ஆசிரியராக வேலை செய்து, பின்னர் இத்துறைக்கு வந்த ரொமேஷ் ரங்கநாதன் அவர்களுள் மிகவும் அறியப்பட்டவர். அத்தகையவர்கள் அம்மாவைப் பற்றிப் பேசும்போது நமக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. பக்கத்திலிருக்கும் வெள்ளைக்காரரே, நாம் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிப்பார்.

மண்டபத்துக்குள் கைத்தொலைபேசியை அணைத்துவிடுங்கள். படம் பிடிப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் பெரும் குற்றமாகவே கொள்ளப்படும். ஒரு பகிடியை மாதக்கணக்கில் செதுக்குகிறவருக்கு அது முன்கூட்டியே இணையத்தில் வந்தால் உழைப்பு பறிபோகும். சில கிளப்புகளில் தொலைபேசியை வாங்கிப் பூட்டிய உறையில் இட்டுத் தருவார்கள். பக்கத்திலிருப்பவரிடம் மொழிபெயர்ப்புக் கேட்பதையும் இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் கேட்கிறோம் என்று நமக்குத் தோன்றும், ஆனால் சிரிப்புக்கு முன் வரும் அந்த ஒரு நொடி அமைதியில் கிசுகிசுப்பு மேடைவரை கேட்கும். விளங்காத இடத்தில் சிரிப்பதாக நடிக்கவும் வேண்டாம். பொய்ச் சிரிப்பு எப்போதும் சற்றுப் பிந்தியே வரும், மேடையில் நிற்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

வீடு திரும்பும் வழியை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கடைத்தெரு அடங்கிவிடும் ஊரிலிருந்து போகும் நமக்கு, நள்ளிரவில் அந்நிய நகரத்தில் நிற்பது பதற்றமாக இருக்கும். லண்டனில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் ஐந்து நிலக்கீழ் ரயில் பாதைகள் விடியும்வரை ஓடுகின்றன. நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதிகளுள், ஜூபிலி பாதையில் வெம்ப்ளி பார்க்குக்கும் நோர்தேர்ன் பாதையில் டூட்டிங்குக்கும் அப்போது போகலாம். ஈஸ்ட் ஹாமுக்குப் போகும் டிஸ்ட்ரிக்ட் பாதைக்கு அந்த இரவுச் சேவை இல்லை. நான் சொன்ன புதன், வியாழனில் எந்தப் பாதையிலும் இல்லை. ஆகவே இரவுப் பேருந்தின் இலக்கத்தையும் அது நிற்கும் தரிப்பிடத்தின் பெயரையும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று முடிவுக்குப் பத்து நிமிடம் முன் எழுந்தால், கோல்பேக் வரும்போது நீங்கள் படிக்கட்டில் நிற்பீர்கள்.