பிள்ளைக்கான ஜீவனாம்ச பாக்கியை வசூலிப்பது எப்படி: குமரி மாவட்டத்தவருக்கு ஒரு செய்முறை விளக்கம்

“அண்ணே, ஆர்டர் வாங்கி ரெண்டு வருசம் ஆவுது, ஒத்த ரூவா வரல்ல” என்று சொல்லிக்கொண்டு, ஜவுளிக்கடைப் பையில் காகிதங்களைத் திணித்து எடுத்துவரும் பெண்கள், தக்கலையில் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்க்கும் எனக்குப் புதியவர்கள் அல்லர். நீதிமன்றம் ஆணை பிறப்பித்துவிட்டால் பணம் மாதாமாதம் தானாக வந்துவிடும் என்று அவர்கள் நம்பியிருந்திருப்பார்கள். வராத பணத்தை வசூலிக்கத் தனியாக ஒரு மனு போட வேண்டும் என்பதையும், அந்த மனுவுக்கு ஒரு கெடு உண்டு என்பதையும் பெரும்பாலும் யாரும் அவர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆணை ஏற்கெனவே கையில் இருந்து, பணம் மட்டும் வராமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளையை வளர்ப்பவர் பெரும்பாலும் தாயாக இருப்பதால் அவ்வாறே எழுதியிருக்கிறேன். பாட்டி வளர்த்தாலும் முறை இதுதான்.

முதல் படி: ஆணை எந்தச் சட்டத்தின்படி வந்தது என்று பாருங்கள்

ஆணையின் முதல் பக்கத்திலேயே சட்டப்பிரிவு எழுதியிருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்றோ, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு என்றோ இருந்தால், கீழே சொல்லும் வழி அப்படியே பொருந்தும். இந்தப் பிரிவு இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் பொது. திருமணச் சட்டத்தின் கீழ் விவாகரத்து வழக்கில் வந்த ஆணையானால், அதை உரிமையியல் தீர்ப்பைப் போல நிறைவேற்று மனு போட்டு வசூலிக்க வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி வந்திருந்தால், சம்பளம் கொடுக்கும் முதலாளியே ஒரு பகுதியை நேரடியாக உங்களுக்குச் செலுத்தவோ நீதிமன்றத்தில் கட்டவோ வேண்டும் என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிட முடியும்.

ஆணையின் நகல் இல்லாவிட்டால் அதை வாங்குவதுதான் முதல் வேலை. ஜீவனாம்ச ஆணையின் நகலை அதைப் பெற்றவருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. செல்போனில் எடுத்த புகைப்படம் போதாது. வழக்கு எண் மறந்துபோயிருந்தால், இ-கோர்ட்ஸ் செயலியில் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். அதில் வரும் 16 எழுத்துகளும் எண்களும் கலந்த சி.என்.ஆர். எண்ணை, அதாவது உங்கள் வழக்குக்கான தனி அடையாள எண்ணை, ஆணையின் பின்புறத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பாக்கிக் கணக்கு

இந்த வேலையை வக்கீலிடம் விட்டுவிடாமல் நீங்களே செய்ய வேண்டும், ஏனெனில் எந்த மாதம் எவ்வளவு வந்தது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். ஒருமுறை ஓர் அம்மை, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரை அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக் கட்டத்தில் “வந்தது” அல்லது “வரல்ல” என்று பேனாவால் எழுதி, வந்த மாதங்களில் தொகையையும் குறித்திருந்தார். நானும் அவரும் அந்தக் காலண்டரையும் வங்கிப் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரத்தில் கணக்கை முடித்துவிட்டோம்.

ஒரு மாதிரிக் கணக்கு இதோ. பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது ஆணை; முதல் தவணை 2025 பிப்ரவரி. நவம்பர் வரை பத்துத் தவணை, 50,000 ரூபாய். பிப்ரவரியும் மார்ச்சும் முழுதாக வந்தன. மே மாதம் ஜிபே மூலம் 3,000 வந்தது. வேறு எதுவும் வரவில்லை. ஆக வரவு 13,000, பாக்கி 37,000. ஆனால் மனுவில் வெறுமனே “பாக்கி 37,000” என்று எழுதக் கூடாது. ஏப்ரலுக்கு 5,000, மேக்கு 2,000, ஜூன் முதல் நவம்பர் வரை ஆறு மாதத்துக்கு 30,000 என்று மாதவாரியாக எழுத வேண்டும், காரணம் அடுத்த படியில் வருகிறது. வங்கியில் முத்திரையிட்ட கணக்கு அறிக்கையை வாங்கி இதனுடன் இணைத்துவிட்டால் “நான் கையில் கொடுத்தேன்” என்ற வாதத்துக்கு வலுக் குறைந்துவிடும். கையில் வாங்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு, வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுத்த உடுப்பும், ஓணத்துக்கு வாங்கிய விளையாட்டுச் சாமானும் ஜீவனாம்சத்தில் கழிக்கப்பட வேண்டும் என்று வாதிடும் தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன். ஆணையில் அப்படிச் சொல்லாதபோது அவற்றைக் கணக்கில் கழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பள்ளிக் கட்டணத்தை அவர் நேரடியாகக் கட்டியிருந்தால் மட்டும் மறைக்காதீர்கள். மறைத்தது ரசீதோடு வெளிப்பட்டால் மற்றக் கணக்கையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார்.

மூன்றாம் படி: ஓராண்டுக் கெடு

வசூலுக்கான வாரண்ட் வேண்டுமானால், ஒரு தவணை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்தத் தவணைக்கு மனு போட்டிருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஏப்ரல் தவணை 2025 ஏப்ரல் 10 அன்று செலுத்தியிருக்க வேண்டியது. ஆகவே 2026 ஏப்ரல் 10க்குள் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். “மொத்தமாகச் சேரட்டும், ஒரேயடியாகப் போடலாம்” என்று காத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கெடு வினையாகிறது. மனு நிலுவையில் இருக்கும்போது சேரும் அடுத்தடுத்த மாதப் பாக்கிகளையும் அதே நடவடிக்கையில் கேட்க முடியும் என்பதால், மூன்று நான்கு மாதம் நின்றவுடனேயே போட்டுவிடுவது நல்லது.

ஓராண்டைத் தாண்டிவிட்ட பாக்கி ஒழிந்துபோகிறது என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் 2013இல் வந்த தீர்ப்பு, அந்தக் கெடு வாரண்ட் வழியைத்தான் அடைக்கிறது, பெறும் உரிமையை அழிப்பதில்லை என்றும், பழைய பாக்கிக்கு உரிமையியல் வழக்கு வழி திறந்தே இருக்கிறது என்றும் தெளிவாகச் சொல்கிறது. வழி உண்டு, ஆனால் நீளமானது.

நான்காம் படி: மனு தாக்கல்

ஆணை பிறப்பித்த நீதிமன்றத்திலேயே மனு போடலாம்: பத்மநாபபுரமோ, இரணியலோ, குழித்துறையோ, நாகர்கோவிலோ, எங்கே ஆணை வாங்கினீர்களோ அங்கே. மனுவில் அசல் வழக்கு எண், ஆணைத் தேதி, மாதத் தொகை, மாதவாரிப் பாக்கி, இதுவரை வந்த தொகை, எதிர்மனுதாரரின் (பணம் கொடுக்க வேண்டியவரின்) இப்போதைய முகவரி, அவருடைய வருமானம் வரும் இடம் ஆகியவை இருக்க வேண்டும். ஆணையின் நகல், வங்கி அறிக்கை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை இணைப்புகள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச வக்கீல் பெறத் தகுதியுடையவர்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, உங்கள் வட்டத்தின் சட்டப் பணிகள் குழுவிலோ ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஐந்தாம் படி: ஆள் எங்கே, பணம் எங்கே

நான் பார்த்தவரையில் மனுக்கள் தோற்பது சட்டத்தால் அல்ல, முகவரியால். சம்மனும் வாரண்டும் “ஆள் இல்லை” என்ற குறிப்போடு திரும்பி வந்தே ஒரு வருடம் ஓடிவிடும். நம் மாவட்டத்து வேலைகளின் போக்கை யோசித்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

எதிர்மனுதாரர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவராக இருந்தால், வாரக்கணக்கில் கரையில் இருக்க மாட்டார். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். சின்னமுட்டம் போன்ற கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்ற மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் தடை. இந்த இரண்டு மாதங்களில் வாரண்ட் காவல் நிலையத்தில் இருக்கும்படி முன்கூட்டியே மனுவை நகர்த்துங்கள். எந்தப் படகு, யாருடையது, எந்தத் துறைமுகம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பங்குக் கணக்கு எழுதும் இடம் தெரிந்தால் அதையும் சேருங்கள்.

ரப்பர் பால்வெட்டுபவராக இருந்தால், மழைக்காலத்தில் வெட்டு நின்றுவிட்டது, ஆகவே கொடுக்க முடியவில்லை என்று சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். வருமானம் குறைந்துவிட்டால் தொகையைக் குறைக்கச் சொல்லி மாற்ற மனு போடும் வழி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 146ஆம் பிரிவாக இருக்கிறது. அந்த மனு போடாமல், தன்னிஷ்டத்துக்கு நிறுத்திக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை என்பதை உங்கள் வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அரசு வேலையிலோ, பதிவுள்ள நிறுவனத்திலோ இருப்பவரானால் காரியம் எளிது. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது; ஜீவனாம்சத் தீர்ப்பை நிறைவேற்றும்போதோ உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே காப்பாற்றி வைக்கிறது. சம்பளம் வழங்கும் அலுவலரின் பதவிப் பெயரையும் அலுவலக முகவரியையும் சரியாகக் கொடுத்தால் போதும்.

வேலையே இல்லை என்பவரின் பெயரில் நிலமோ வீடோ இருக்கிறதா என்று பாருங்கள். நீதிமன்றம் அபராதத்தை வசூலிக்கும் முறையிலேயே பாக்கியை வசூலிக்கலாம் என்பதால், அசையும் பொருளை ஜப்தி செய்ய வாரண்ட் போடவும், நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பவும் முடியும். பட்டா எண்ணும் புல எண்ணும் தெரிந்திருந்தால் மனுவில் எழுதுங்கள். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தால், சொத்தை அண்ணன் தம்பி பெயருக்கு மாற்றியிருக்கிறாரா என்பதும் தெரியவரும்.

ஆறாம் படி: வாய்தா நாள்

அன்று அவர் பெரும்பாலும் மடியில் கொஞ்சம் பணத்தோடு வருவார். பத்தாயிரத்தை நீட்டி, மீதிக்கு ஒரு மாதம் கேட்பார். வாங்கிக்கொள்ளலாம்; தவறில்லை. ஆனால் “பாக்கியில் வரவு” என்று வழக்குக் குறிப்பில் பதிவாகட்டும், வாரண்ட் கோரிக்கையைத் திரும்பப் பெறாதீர்கள். “சேர்ந்து வாழ வா, பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னால், உங்கள் மறுப்புக்கான காரணத்தை நீதிமன்றம் உங்களுடைய சொந்த ஜீவனாம்சம் தொடர்பாக விசாரிக்கும். பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதை அந்தப் பேச்சு நிறுத்தாது. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடித்தால், அங்கே வரும் தீர்வுக்கு உரிமையியல் தீர்ப்பின் வலு உண்டு. ஆகவே கையெழுத்துக்கு முன் தொகையையும் தேதியையும் வாசித்துப் பாருங்கள். பாக்கி நிற்கிறது என்பதற்காகப் பிள்ளையைப் பார்க்க விடாமல் தடுக்காதீர்கள். அது வேறு வழக்கு, உங்களுக்குத்தான் பாதகமாகும்.

ஏழாம் படி: வாரண்டும் சிறையும்

வாரண்டுக்குப் பிறகும் பாக்கி நின்றால், ஒரு மாதம் வரையில், அல்லது பணம் கட்டும் வரையில், எது முன்னதோ அதுவரை சிறையிலடைக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. “உள்ளே இருந்துவிட்டு வந்துவிட்டேன், கணக்கு தீர்ந்தது” என்று ஊரில் பேசுவார்கள். 1988இல் குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது: சிறை பணத்தை வரவழைக்கும் ஒரு வழி, பணத்துக்கு ஈடல்ல. வெளியே வந்த பிறகும் அதே பாக்கி அப்படியே நிற்கும்.

களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்துக்குப் போய்விட்டவரைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஆணையை, எதிர்மனுதாரர் இருக்கும் இடத்து நடுவரும் நிறைவேற்றலாம் என்று அதே சன்ஹிதாவின் 147ஆம் பிரிவு சொல்வதால், அவர் நெய்யாற்றின்கரையில் வேலை செய்தால் அங்கேயே மனு போடலாம். ஆணை தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் எடுத்துச்செல்லுங்கள். வளைகுடாவுக்குப் போனவரை அங்கிருந்து பிடித்துவருவது கடினம். ஆனால் நீதிமன்றம் பிறப்பித்த வாரண்ட் பாஸ்போர்ட் அதிகாரியின் கவனத்துக்கு வந்தால், பாஸ்போர்ட் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி பாஸ்போர்ட்டை முடக்கும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு இருக்கிறது. வாரண்டின் சான்றிட்ட நகலோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள். அவர் விடுப்பில் ஊருக்கு வரும் தேதி பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தை ஒட்டித்தான் இருக்கும். அது தெரிந்தால் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்.

பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதே, இனி என்ன செய்வது என்று கடைசியில் சிலர் கேட்பார்கள். அந்த நாள் வரையில் சேர்ந்த பாக்கி அதனால் அழிவதில்லை. கெடுவுக்குள் போட்ட மனு தொடர்ந்து நடக்கும்.