ஒரு மரத்தின் கட்டுரையைச் சேர்ந்து திருத்துவது எப்படி

தமிழ் விக்கிப்பீடியாவில் மரங்களைப் பற்றி எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் தெருவில் என்ன மரம் நிற்கிறது?" என்றுதான். பலருக்கும் புதுக் கட்டுரை தொடங்கத்தான் ஆசை. அது அப்புறம். தினமும் கண்ணில் படும் ஒரு மரத்தின் கட்டுரையைத் திறந்து, அதில் இருப்பதை முதலில் சரிபாருங்கள்.

பெயரில் தொடங்குங்கள். பெரிய குழப்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. புங்கையும் புன்னையும் வேறு வேறு மரங்கள். மஞ்சளாகப் பூப்பதையெல்லாம் கொன்றை என்று சொல்லிவிடுகிறோம். நானும் இதில் தவறியிருக்கிறேன். மதுரையில் ஒரு பூங்காவில் ஊதாப் பூக்களோடு நின்ற மரத்தை மருது என்றார்கள். படம் எடுத்து நீர்மருது கட்டுரையில் சேர்த்துவிட்டேன். சில வாரம் கழித்து, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் கேட்டார்: "காயில் சிறகு இருக்கிறதா, பார்த்தீர்களா?"

மறுபடி போய்ப் பார்த்தேன். மரக்கட்டைபோல் கடினமாக, உருண்டையாக, முற்றியபின் வெடிக்கிற காய். அது பூமருது. நீர்மருதின் காயில் நீளவாக்கில் ஐந்து சிறகுகள் எழும்பி நிற்கும். பட்டை வழவழப்பாக, சாம்பல் வெளுப்பில் செதில் செதிலாக உரியும். பூ சின்னதாக, வெளிர் மஞ்சளில் கதிராக வரும். இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை. அன்றே அந்தப் படத்தைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிட்டு, காரணத்தைத் தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது சேமிக்கும்போது மாற்றத்தை விளக்கும் பெட்டியில், எழுதினேன்.

அதனால் பூவை மட்டும் படம் எடுத்துவிட்டு வராதீர்கள். முழு மரம், பட்டை, இலையின் இரு பக்கம், பூ, காய் என்று ஐந்தாறு படங்கள் வேண்டும். காயைக் கையில் வைத்து எடுத்தால் அளவு தெரியும். எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் படங்களை ஏற்றி, மரத்தின் அறிவியல் பெயரில் உள்ள பகுப்பில் சேர்த்துவிடுங்கள். மலையாளத்திலும் வங்காளத்திலும் எழுதுகிறவர்களுக்கும் அப்போதுதான் அவை கிடைக்கும்.

அறிவியல் பெயரை இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் ஒத்துப் பாருங்கள். பெயர்கள் மாறும். புரோசோபிஸ் பேரினத்தில் இருந்த சீமைக்கருவேலத்தை 2022இல் நெல்டுமா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். நம் வன்னி புரோசோபிஸிலேயே இருக்கிறது. பழைய பெயரை அழிக்காமல், வேறு பெயர்கள் வரிசையில் வையுங்கள். வட்டாரப் பெயர்களுக்கு வழிமாற்றுப் பக்கம் போட்டால், புங்கன் என்று தேடுகிறவரும் புங்கைக்கு வந்து சேர்வார்.

மருத்துவப் பயன் பகுதியில்தான் மிகுந்த கவனம் தேவை. "இந்தப் பட்டை நீரிழிவைக் குணமாக்கும்" என்று சான்றில்லாமல் ஒரு வரி இருந்தால், அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். அப்படிப்பட்ட வரியை உடனே எடுத்துவிட்டு, ஏன் எடுத்தீர்கள் என்று பேச்சுப் பக்கத்தில் சொல்லுங்கள். சித்த மருத்துவ நூலில் ஆதாரம் கிடைத்தால், "சித்த மருத்துவத்தில் பயன்படுத்துகிறார்கள்" என்று மட்டும் எழுதி நூலைக் குறிப்பிடுங்கள். தீங்கில்லாத மற்ற வரிகளுக்குச் 'சான்று தேவை' என்ற குறிப்பைக் காட்டும் வார்ப்புருவை இட்டுக் காத்திருக்கலாம்.

உங்கள் திருத்தத்தை யாராவது மாற்றினால், திரும்ப மாற்றாதீர்கள். பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். அங்கே தீரவில்லையா, பொதுவாகப் பேசும் இடத்துக்கு ஆலமரத்தடி என்றே பெயர், அங்கே கொண்டுபோங்கள். ஒருவர் படம் எடுக்க, ஒருவர் நூல் பார்க்க, இன்னொருவர் எழுத்துப் பிழை திருத்த என்று மூன்று பேர் சேர்ந்தால் ஒரு மரத்துக்கு ஒரு மாதம் ஆகும். ஆகட்டும்.

எங்கள் மூவருக்கும் அடுத்தது இலுப்பை. அதன் பூ இரவில் மலர்ந்து விடியற்காலையில் உதிர்ந்துவிடும். பங்குனியில் டார்ச் எடுத்துக்கொண்டு நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். உங்கள் ஊர்க் கோயிலில் இலுப்பை நின்றால், நீங்களும் போய்ப் படம் எடுத்துப் பொதுவகத்தில் போடுங்கள்.